ஐ.நா. ஆலோசனைத் தகுதிக்குத் தொண்டு நிறுவனங்கள் விண்ணப்பிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டு நிறுவனம் நடத்தும் நண்பர்கள் பலர் "ஐ.நா.வில் பதிவு செய்வது எப்படி?" என்று கேட்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் ஐ.நா. பொருளாதார, சமூக மன்றம் தரும் ஆலோசனைத் தகுதி. அந்த மன்றத்தின் ஆங்கிலச் சுருக்கத்தை வைத்து 'எகோசாக் தகுதி' என்றும் சொல்வார்கள். சில சிறிய அமைப்புகள் இதற்கு விண்ணப்பித்தபோது கூடமாட உதவியிருக்கிறேன். அப்போது திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஆலோசனைத் தகுதி என்றால் என்ன?

ஐ.நா.வில் அரசுகள்தான் உறுப்பினர்கள். ஆனால் 1945இல் எழுதப்பட்ட ஐ.நா. சாசனத்தின் 71ஆம் பிரிவு, பொருளாதார, சமூக மன்றம் அரசு சாராத அமைப்புகளையும் கலந்து பேச ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்கிறது. அந்த ஏற்பாட்டின் பெயர்தான் ஆலோசனைத் தகுதி. இது கிடைத்த அமைப்பு ஐ.நா. கூட்டங்களுக்குப் போகலாம், எழுத்திலும் பேச்சிலும் கருத்துச் சொல்லலாம். வாக்களிக்கும் உரிமை கிடையாது.

1946இல் 41 அமைப்புகளுக்கு இந்தத் தகுதி இருந்தது. 1992இல் 700க்கு மேல். இப்போது 6000ஐத் தாண்டிவிட்டது. விதிகள் எல்லாம் 1996இல் மன்றம் நிறைவேற்றிய 31ஆம் தீர்மானத்தில் இருக்கின்றன. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் அதை முழுக்கப் படித்துவிட வேண்டும். அரை நாள் வேலைதான். அதைப் படிக்காமல் படிவத்தைத் திறப்பவர்கள் பாதியில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இது கிடைத்தால் "ஐ.நா. அங்கீகாரம் பெற்ற நிறுவனம்" என்று போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. இந்தத் தகுதி உங்கள் பணிக்கு ஐ.நா. தரும் நற்சான்றிதழ் கிடையாது. நீங்கள் ஐ.நா.வின் கிளையாகவும் ஆகிவிட மாட்டீர்கள். "பொருளாதார, சமூக மன்றத்தில் சிறப்பு ஆலோசனைத் தகுதி பெற்ற அமைப்பு" என்று உள்ளதை உள்ளபடி எழுதலாம். ஐ.நா.வின் சின்னத்தை, அந்த உலக வரைபடமும் ஆலிவ் கிளைகளும் கொண்ட நீல முத்திரையை, லெட்டர்பேடிலோ பேனரிலோ போடக் கூடாது. அந்தச் சின்னத்தை அனுமதி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று பொதுச்சபை 1946இலேயே தீர்மானம் போட்டுவிட்டது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. விழா மேடையில் சொல்லிக்கொள்ள ஒரு பட்டம் வேண்டும் என்பதற்காக விண்ணப்பிக்கும் அமைப்புகள், கிடைத்த பிறகு ஒரு கூட்டத்துக்கும் போவதில்லை, ஒரு அறிக்கையும் தருவதில்லை. சில ஆண்டுகளில் தகுதி பறிபோகிறது. உலக அரங்கில் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று உங்களிடம் இருந்தால் விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் அந்த உழைப்பைக் களப்பணியில் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

யார் விண்ணப்பிக்கலாம்?

லாப நோக்கம் இல்லாத அமைப்பாக இருக்க வேண்டும். அரசோ, அரசுகளுக்கு இடையிலான ஒப்பந்தமோ உருவாக்கியதாக இருக்கக் கூடாது. உங்கள் நாட்டுச் சட்டப்படி பதிவு செய்து குறைந்தது 2 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். நிலையான தலைமை அலுவலகம், ஜனநாயக முறையில் ஏற்றுக்கொண்ட அமைப்பு விதிகள், உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லும் நிர்வாகம், வெளிப்படையாக முடிவெடுக்கும் முறை ஆகியவையும் வேண்டும்.

பணம் பற்றிய விதியைப் பலர் கவனிப்பதில்லை. அடிப்படை நிதி பெரும்பாலும் உறுப்பினர்களிடமிருந்தோ கிளை அமைப்புகளிடமிருந்தோ வர வேண்டும் என்கிறது தீர்மானம். வேறு வழியில் வந்தால் அதற்கு விளக்கம் தர வேண்டும். அரசிடமிருந்து பணம் வாங்குவது தவறில்லை, அதை மறைப்பதுதான் தவறு. எந்த அரசு, எவ்வளவு கொடுத்தது என்பதைத் திறந்து எழுதிவிடுங்கள்.

நாங்கள் இரண்டு மாவட்டங்களில் மட்டும் வேலை செய்யும் சிறிய அமைப்பு. எங்களுக்குக் கிடைக்குமா?

கிடைக்க வாய்ப்பு உண்டு. முன்பு சர்வதேச அமைப்புகளுக்கே முன்னுரிமை இருந்தது. 1996 தீர்மானம் தேசிய, வட்டார அமைப்புகளுக்கும் கதவைத் திறந்தது. ஆனால் தேசிய அமைப்பு என்றால், சம்பந்தப்பட்ட நாட்டு அரசையும் கலந்து பேசிய பிறகே சேர்ப்பார்கள். அரசு ஏதாவது கருத்துச் சொன்னால் அது உங்களுக்குத் தெரிவிக்கப்படும், பதில் சொல்லும் வாய்ப்பும் தரப்படும்.

சிறிய அமைப்பு என்பதால் கூச்சப்பட வேண்டாம். உப்பளத் தொழிலாளர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்த ஒரு குழுவுக்கு, அந்தத் தொழிலாளர்களின் கண், தோல் பாதிப்பைப் பற்றித் தலைநகரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய அமைப்பைவிட அதிகம் தெரியும். மன்றத்துக்கு வேண்டியது அந்த நேரடி அறிவுதான்.

எத்தனை வகைத் தகுதிகள் இருக்கின்றன?

மூன்று. மன்றத்தின் பெரும்பாலான துறைகளில் வேலை செய்யும் பெரிய சர்வதேச அமைப்புகளுக்குப் பொதுத் தகுதி. ஒரு சில துறைகளில் மட்டும் ஆழமாக வேலை செய்பவர்களுக்குச் சிறப்புத் தகுதி. எப்போதாவது, குறுகிய தொழில்நுட்ப விஷயத்தில் மட்டும் பங்களிப்பவர்களுக்கு ரோஸ்டர் எனப்படும் பட்டியல் நிலை. பெரும்பாலான அமைப்புகளுக்குக் கிடைப்பது சிறப்புத் தகுதி. நம்மூர் அமைப்புகள் எதிர்பார்க்க வேண்டியதும் அதையே.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்? எங்கள் விதிமுறைகள் தமிழில் இருக்கின்றனவே?

பதிவுச் சான்றிதழ், அமைப்பு விதிகள், அண்மைய நிதிநிலை அறிக்கை ஆகிய மூன்றும்தான் முதுகெலும்பு. தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருந்தாலும் சரி, அறக்கட்டளையாக இருந்தாலும் சரி, கம்பெனிகள் சட்டம் 8ஆம் பிரிவில் வரும் நிறுவனமாக இருந்தாலும் சரி, அந்தச் சான்றிதழ் போதும். இலங்கையில் அரச சார்பற்ற நிறுவனமாகப் பதிந்தவர்கள் அந்தப் பதிவைக் காட்டலாம்.

விண்ணப்பம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும். தமிழ் ஆவணம் என்றால் மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புங்கள். இங்கே பலர் சறுக்குகிறார்கள். சான்றிதழில் "மக்கள் நலச் சங்கம்" என்று இருக்கும், மொழிபெயர்ப்பில் ஒரு ஆங்கிலப் பெயர், இணையதளத்தில் இன்னொரு ஆங்கிலப் பெயர், வங்கிக் கணக்கில் மூன்றாவது பெயர். படிப்பவருக்கு இவை மூன்றும் ஒரே அமைப்புதானா என்ற சந்தேகம் வந்துவிடும். விண்ணப்பிக்கும் முன்பே பெயரை ஒன்றாக்கிவிடுங்கள்.

எப்போது, எப்படி விண்ணப்பிப்பது? கட்டணம் எவ்வளவு?

எல்லாம் இணையவழிதான். ஐ.நா. பொருளாதார, சமூக விவகாரத் துறையின் கீழ் அரசு சாரா அமைப்புகளுக்கென்று ஒரு பிரிவு நியூயார்க்கில் இருக்கிறது. அவர்களுடைய தளத்தில் முதலில் அமைப்புக்கு ஒரு பக்கம் தொடங்கி, அப்புறம் உள்ளே போய் வினாநிரலை நிரப்ப வேண்டும். கடைசி நாள் ஜூன் 1. அதற்குள் வந்தவை அடுத்த ஆண்டில் பரிசீலிக்கப்படும்.

கட்டணம் ஒரு பைசாவும் கிடையாது. "ஐ.நா. பதிவு வாங்கித் தருகிறோம், இவ்வளவு லட்சம் ஆகும்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். படிவம் நிரப்ப, மொழிபெயர்க்க உதவிக்கு ஆள் வைத்துக்கொள்வது வேறு விஷயம். தகுதியை வாங்கித் தரும் சக்தி வெளியில் யாருக்கும் இல்லை.

படிவத்தில் எந்தக் கேள்வி கடினம்?

மன்றத்தின் பணிக்கு நீங்கள் என்ன பங்களிப்பீர்கள் என்ற கேள்வி. "நீடித்த வளர்ச்சி இலக்குகளை அடைய உலகத்தோடு இணைந்து பாடுபடுவோம்" என்று எழுதினால் அது யாருக்கும் எதையும் சொல்லாது. எந்தக் கூட்டத்துக்குப் போவீர்கள், அங்கே எதைப் பற்றிப் பேசுவீர்கள், அதைப் பேச உங்களுக்கு என்ன அனுபவம் என்பதை எழுதுங்கள். பெண்களோடு வேலை செய்கிறவர்கள் என்றால், ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் நியூயார்க்கில் கூடும் மகளிர் நிலை ஆணையத்தில் இன்ன பிரச்சினையை முன்வைப்போம் என்று சொல்லலாம்.

அடுத்தது செயல்பாடுகள் பற்றிய பகுதி. ஆண்டறிக்கையிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். எந்த ஊர், எத்தனை பேர், எந்த ஆண்டு, என்ன நடந்தது என்று நாலு வரி போதும். ஊரில் நாம் பேசும்போது எப்படிச் சொல்வோமோ அப்படிச் சொன்னாலே நன்றாக இருக்கும். வரவு செலவுக் கணக்கில் கூட்டல் சரியாக இருக்கிறதா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பாருங்கள். செலவு வரவைவிட அதிகமாக இருந்தால் ஏன் என்று நீங்களே முன்கூட்டி ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அந்தக் கேள்வி நிச்சயம் வரும்.

அனுப்பிய பிறகு யார் முடிவு செய்கிறார்கள்?

முதலில் நியூயார்க் பிரிவின் ஊழியர்கள் ஆவணங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அப்புறம் அது அரசு சாரா அமைப்புகளுக்கான குழுவுக்குப் போகும். 1946இல் தொடங்கிய குழு இது. இதில் 19 நாடுகள்: ஆப்பிரிக்காவுக்கு 5 இடம், ஆசியாவுக்கு 4, லத்தீன் அமெரிக்க, கரீபியன் நாடுகளுக்கு 4, மேற்கு ஐரோப்பா உள்ளிட்ட தொகுதிக்கு 4, கிழக்கு ஐரோப்பாவுக்கு 2. நான்காண்டுப் பதவிக்காலம். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு முறையும் மே மாத வாக்கில் இன்னொரு முறையும் கூடும்.

குழு பரிந்துரை செய்யும். இறுதி முடிவு 54 நாடுகள் கொண்ட பொருளாதார, சமூக மன்றத்தினுடையது. ஆக, உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் அதிகாரிகள் மட்டுமில்லை, அரசுகளின் தூதர்களும் படிக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எல்லாம் புரியும்.

குழு கேள்வி கேட்டு ஒத்திவைத்தால் என்ன செய்வது?

குழுவில் எந்த நாடும் கேள்வி கேட்கலாம். கேள்வி வந்தால் வழக்கமாக விண்ணப்பம் அடுத்த அமர்வுக்குத் தள்ளிப்போகும். இது நிராகரிப்பு கிடையாது, பதறாமல் பதில் எழுதுங்கள். முடிந்தவரை சீக்கிரமாக, கேட்டதற்கு மட்டும், எரிச்சல் தொனிக்காமல். அடுத்தடுத்த இரண்டு அமர்வுகளில் மூன்று நினைவூட்டல் அனுப்பியும் பதில் வராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள்.

ஆனால் கேள்வி கேட்பதையே ஒரு தடுப்பாகப் பயன்படுத்த முடியும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு 2007இல் விண்ணப்பித்தது. சாதி ஒடுக்குமுறையை ஐ.நா.வில் பேசுவதற்காகவே உருவான அமைப்பு அது. அமர்வுக்கு அமர்வு ஒரு கேள்வி, அதற்குப் பதில், அடுத்த அமர்வில் புதிய கேள்வி. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் வந்தன, கேட்டது இந்தியா. பதில் எல்லாவற்றுக்கும் போனது. கடைசியில் 2022 டிசம்பரில் பொருளாதார, சமூக மன்றமே வாக்கெடுப்பு நடத்தித் தகுதி கொடுத்தது. 15 ஆண்டுகள் காத்திருந்து பெற்ற இடம். அப்போது குழுவிடம் நிலுவையில் இருந்த விண்ணப்பங்களில் மிகப் பழையது இதுதான்.

இந்த வரலாறு எனக்கு மிகவும் முக்கியமானது. சாதி பற்றிப் பேசுகிறவர்களுக்கு உலக அரங்கில் ஒரு நாற்காலி கிடைக்க எவ்வளவு பொறுமை தேவைப்பட்டது என்பதை நம் பக்கத்து அமைப்புகள் தெரிந்துகொள்ள வேண்டும். கேள்விக் கணைகள் வருகின்றன என்பதற்காக விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிடாதீர்கள். ஒவ்வொரு கேள்வியையும் ஒவ்வொரு பதிலையும் தேதியோடு ஒரு கோப்பில் வையுங்கள். பொறுப்பாளர்கள் மாறினாலும் அந்தக் கோப்பு அமைப்பிடம் இருக்கும்.

குழு மறுத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. மேலே மன்றம் இருக்கிறது. நியூயார்க்கில் இயங்கும் 'பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு' என்ற தொண்டு அமைப்பின் விண்ணப்பத்தைப் பல முறை ஒத்திவைத்த பிறகு, 2016 மே மாதம் ஐ.நா. குழு வாக்கெடுப்பில் நிராகரித்தது. ஆதரவு 6, எதிர்ப்பு 10. இரண்டே மாதத்தில், ஜூலையில், மன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது ஆதரவு 40, எதிர்ப்பு 5. தகுதி கிடைத்தது. இப்படி நடக்க மன்றத்தில் இருக்கும் நாடுகள் சில உங்களுக்காகப் பேச வேண்டும். அதனால் தூதரகங்களோடு மரியாதையான தொடர்பு வைத்துக்கொள்வது வீணாகாது.

எழுதும் சொற்களில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நாடுகள், பகுதிகளின் பெயர்களை ஐ.நா. எழுதுகிறபடியே எழுதுங்கள். தைவானில் ஒரு கருத்தரங்குக்குப் போனதை இணையதளத்தில் தனி நாட்டுக்குப் போனதுபோல எழுதியிருந்தால், "சீனாவின் தைவான் மாகாணம்" என்ற ஐ.நா. வழக்கைக் காட்டிச் சீனா கேள்வி எழுப்பும். இந்த ஒரே காரணத்துக்காக ஒத்திவைக்கப்பட்ட விண்ணப்பங்கள் நிறைய. எல்லை வரைபடங்களிலும் இதே கவனம் வேண்டும். விண்ணப்பத்தை மட்டும் பார்த்தால் போதாது, உங்கள் தளத்தின் பழைய பக்கங்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

தகுதி கிடைத்த பிறகு என்னவெல்லாம் செய்யலாம்?

நியூயார்க், ஜெனீவா, வியன்னா ஐ.நா. அலுவலகங்களுக்குள் போக உங்கள் பிரதிநிதிகளுக்கு நுழைவுச் சீட்டு கிடைக்கும். எழுத்து வடிவ அறிக்கை தரலாம். மன்றத்துக்கு என்றால் சிறப்புத் தகுதி அமைப்புகளுக்கு 500 சொற்கள், பொதுத் தகுதி அமைப்புகளுக்கு 2000 சொற்கள் வரை. மன்றத்தின் ஆணையங்களுக்குத் தரும்போது சிறப்புத் தகுதிக்கு 1500 வரை இடம் உண்டு. அவை ஐ.நா. ஆவணமாகவே வெளியாகும்.

நம் அமைப்புகளுக்கு ரொம்பப் பயன்படுவது ஜெனீவாவில் உள்ள மனித உரிமைகள் மன்றம். தகுதி பெற்ற அமைப்பு அங்கே எழுந்து பேசலாம், இணைக் கூட்டம் நடத்தலாம். பேசக் கிடைக்கும் நேரம் ஒன்றிரண்டு நிமிடம்தான். ஒரு பிரச்சினை, ஒரு உதாரணம், ஒரு கோரிக்கை, அவ்வளவுதான் அதில் அடங்கும். ஊரில் நாலு முறை கடிகாரம் வைத்துப் பேசிப் பழகிவிட்டுப் போங்கள்.

பயணச் செலவை ஐ.நா. தருமா? நிதி உதவி கிடைக்குமா?

இரண்டும் கிடையாது. டிக்கெட், விசா, தங்கும் செலவு எல்லாம் உங்கள் பொறுப்பு. நுழைவுச் சீட்டு இருப்பதால் விசா தானாகக் கிடைத்துவிடாது. இந்தியாவில் வெளிநாட்டு நிதி பெற 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி தனிப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். எகோசாக் தகுதி அதற்கு மாற்றாகாது.

நான்காண்டு அறிக்கை என்கிறார்களே, அது என்ன?

பொதுத் தகுதி, சிறப்புத் தகுதி அமைப்புகள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஐ.நா. பணிக்கு என்ன செய்தோம் என்று அறிக்கை தர வேண்டும். தராவிட்டால் முதலில் ஓராண்டு இடைநிறுத்தம், அப்போதும் தராவிட்டால் தகுதி ரத்து. ஒவ்வோர் ஆண்டும் இப்படி இழப்பவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் கவனக்குறைவால்தான். பழைய செயலாளரின் மின்னஞ்சலுக்கு நினைவூட்டல் போய்க்கொண்டே இருக்கும், அவர் அமைப்பை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகியிருக்கும். ஐ.நா. தொடர்புக்கு என்று அமைப்பின் பெயரிலேயே ஒரு பொது மின்னஞ்சல் வையுங்கள். ரத்தானால் மீண்டும் விண்ணப்பிக்க மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும்.

ஐ.நா. தகவல் துறையோடு இணைவது என்று ஒன்று இருக்கிறதாமே?

அது தனி வழி. முன்பு பொதுத் தகவல் துறை என்று இருந்து, 2019இலிருந்து உலகத் தகவல் தொடர்புத் துறை என்று பெயர் மாறிய துறையோடு இணைவது. ஐ.நா.வின் பணிகளை மக்களிடம் கொண்டுபோகும் அமைப்புகளுக்கானது: பத்திரிகை, வானொலி, பள்ளி நிகழ்ச்சிகள், சமூக ஊடகம் என்று ஏதாவது வழியில். உங்களுடைய வலிமை கருத்துப் பரப்பல் என்றால் இது பொருந்தும். டெல்லியிலும் கொழும்பிலும் ஐ.நா. தகவல் மையங்கள் இருக்கின்றன. முதலில் அவர்களோடு சேர்ந்து சில நிகழ்ச்சிகள் நடத்திப் பாருங்கள், இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும். காலநிலை மாநாடுகளுக்குப் போக வேண்டுமென்றால் அதற்கு இன்னொரு தனி அனுமதி.

எங்கள் அமைப்பு தொடங்கி இன்னும் 2 ஆண்டு ஆகவில்லை. அதுவரை சும்மா இருக்க வேண்டியதுதானா?

வேண்டாம். எந்தத் தகுதியும் இல்லாமலே செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. ஐ.நா.வின் ஒவ்வோர் உறுப்பு நாட்டின் மனித உரிமை நிலையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜெனீவாவில் ஆய்வுக்கு வருகிறது. இந்தியா கடைசியாக 2022 நவம்பரிலும் இலங்கை 2023 பிப்ரவரியிலும் அந்த ஆய்வைச் சந்தித்தன. அதற்கு முன்பு எந்த மக்கள் அமைப்பும் எழுத்தில் தகவல் அனுப்பலாம், ஆலோசனைத் தகுதி கேட்க மாட்டார்கள். தனியாக அனுப்பினால் 2815 சொற்கள், பல அமைப்புகள் சேர்ந்து அனுப்பினால் 5630 சொற்கள் வரை. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தங்களைக் கண்காணிக்கும் குழுக்களுக்கும், அரசு தரும் அறிக்கைக்கு இணையாக மக்கள் தரப்பின் மாற்று அறிக்கை அனுப்பலாம். ஒரு உரிமையையோ ஒரு நாட்டையோ கவனிக்க ஐ.நா. நியமிக்கும் நிபுணர்களான சிறப்பு அறிக்கையாளர்களுக்குத் தனி நபர்கூட எழுதலாம்.

நான் பார்த்தவரை, இப்படி இரண்டு மூன்று அறிக்கை எழுதிய அமைப்புகள்தான் எகோசாக் படிவத்தைத் திணறாமல் நிரப்புகின்றன. பங்களிப்பு பற்றிய அந்தக் கடினமான கேள்விக்கு அவர்கள் யோசிக்கவே வேண்டியதில்லை. ஏற்கெனவே அனுப்பிய அறிக்கைகளின் தேதியையும் தலைப்பையும் எடுத்து எழுதுகிறார்கள்.